தோர்ப் ஆலை 2018இலேயே நின்றுவிட்டது. சுத்தம் செய்ய 2125 வரை ஏன் ஆகிறது?

#1 · கடலோரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கல்பாக்கத்துக்குப் பக்கம். கல்பாக்கம் என்றாலே மின்சாரம் எடுக்கும் அணு உலைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்து, அதிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையும் அதே வளாகத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

அதைப் பற்றிப் படிக்கப் போய் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் வந்து நின்றேன். அங்கே இதே வேலையைச் செய்த தோர்ப் என்ற மறுசெயலாக்க ஆலை 1994இல் தொடங்கி 2018 நவம்பரில் நின்றது. அதற்கு முந்தைய மேக்னாக்ஸ் ஆலை 1964இல் தொடங்கி 2022 ஜூலையில் நின்றது. இனிமேல் அங்கே எரிபொருள் வெட்டும் வேலையே கிடையாது. ஆனாலும் அந்த வளாகத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2125 ஆகும், 136 பில்லியன் பவுண்ட் செலவாகும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024இல் எழுதியிருக்கிறது.

ஓடாத ஆலையில் நூறு வருடம் அப்படி என்ன வேலை? துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 · கரைப்பான்

நான் இந்தத் துறையில் வேதிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொதுவெளியில் இருக்கும் செய்திகளை வைத்தே பேசுகிறேன். ஆலைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மூடுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை என்பது புரியாது.

உலையிலிருந்து வந்த எரிபொருள் சில ஆண்டுகள் குளத்துத் தண்ணீருக்குள் கிடந்து ஆறும். பிறகு கத்தரி இயந்திரம் அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் போடும். உள்ளே இருப்பது கரையும். உறைக்குழாய்த் துண்டுகள் கரையாமல் மிஞ்சும். கரைசலைத் தெளியவைத்து, ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கெரசினோடு சேர்த்தால் யுரேனியமும் புளூட்டோனியமும் கெரசினுக்குப் போய்விடும். சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற பிளவுப் பொருள்கள் அமிலத்திலேயே தங்கிவிடும். அப்புறம் புளூட்டோனியத்தை யுரேனியத்திலிருந்து தனியே பிரிப்பார்கள். பியூரெக்ஸ் என்பது இதுதான். உலகத்தில் பெரிய அளவில் ஓடிய ஆலைகள் பெரும்பாலும் இதே முறையில் ஓடியவை.

சாதாரண நீருலையின் எரிபொருள் ஒரு டன் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 950 கிலோ யுரேனியம், 10 கிலோ புளூட்டோனியம், மீதி 40 கிலோ அளவுக்குப் பிளவுப் பொருள்கள். கதிர்வீச்சில் பெரும்பங்கு அந்தக் கடைசி 40 கிலோவில்தான். அது கரைந்த அமிலத்தைச் சுண்டக் காய்ச்சி, குளிர்நீர்ச் சுருள் வைத்த டாங்குகளில் நிறுத்துவார்கள். அந்தத் திரவம் அடுப்பே இல்லாமல் தானாகச் சூடாகிக்கொண்டிருக்கும். குளிர்விப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1957 செப்டம்பர் 29 சாட்சி. அன்று சோவியத் யூனியனின் மாயக் வளாகத்தில் குளிர்விப்பு கெட்டுப்போன ஒரு டாங்க், திரவம் வற்றி வெடித்தது. காற்று போன வழியில் இருந்த கிராமங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

இந்த வேலை எல்லாமே ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான கான்கிரீட் அறைகளுக்குள் நடக்கும். அவற்றைச் செல் என்போம். முதல் கதிரியக்கக் கரைசல் உள்ளே போன நாளிலிருந்து அந்த அறைக்குள் மனிதர் கால் வைக்க முடியாது. ஆலை நின்றாலும் முடியாது. வெட்டுவதை நிறுத்தலாம், குழாயின் உள்சுவரில் படிந்தது, டாங்கின் அடியில் தங்கிய வண்டல், வால்வு இடுக்கில் காய்ந்த உப்பு எல்லாம் அங்கேயே இருக்கும். கடலோரன் கேட்ட நூறு வருட வேலை அங்கே தொடங்குகிறது.

#3 · நிறைமொழி

ஐயா, நான் வேதிப் பொறியியல் இறுதி ஆண்டு மாணவி. உள்ளே குழாய், டாங்க் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே. அமிலத்தை விட்டு நாலைந்து முறை கழுவினால் பெரும்பகுதி போய்விடாதா? எங்கள் பாடத்தில் ஆலையை மூடுவது பற்றி ஒரு வரி கூட இல்லை.

#4 · கரைப்பான்

கழுவத்தான் செய்வோம் அம்மா. ஆலை நின்றதும் முதலில் செய்ய வேண்டியதே அதுதான். செல்லாஃபீல்டில் அதை போகோ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இயக்கம் முடிந்த கையோடு செய்யும் உள்சுத்தம். ஆனால் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துப் பார். அதுவும் கதிரியக்கக் கழிவுதான். அதைச் சுண்டக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும், நிறுத்தி வைக்க டாங்க் வேண்டும், கடைசியில் கண்ணாடியோடு உருக்கிக் கலத்தில் வார்க்க இன்னொரு ஆலை வேண்டும். தாய் ஆலை நின்ற பிறகும் இந்தத் துணை ஆலைகள் பல ஆண்டுகள் ஓடியாக வேண்டும். எதை முதலில் மூடுவது, எதைக் கடைசி வரை காப்பாற்றி வைப்பது என்ற வரிசையில் ஒரு தப்பு நேர்ந்தால், கழுவிய நீரைக் கொண்டுபோக இடமில்லாமல் எல்லாம் நின்றுபோகும்.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரத்தின் சிறிய ஆலையைப் பார். 1971இலிருந்து 1990 வரை ஓடி, 200 டன் சொச்சம் எரிபொருளைக் கரைத்தது. மிஞ்சியது சுமார் 60 கன மீட்டர் உயர்நிலைக் கழிவுத் திரவம், அதாவது பிளவுப் பொருள்கள் கரைந்த அந்த அமிலம். லாரிக் கணக்கில் பார்த்தால் சொற்பம். ஆனால் அதை அப்படியே சாலையில் கொண்டுபோக முடியாது. அந்த 60 கன மீட்டருக்காகவே ஒரு கண்ணாடியாக்க ஆலையை அங்கேயே கட்டினார்கள். 2009, 2010இல் அது ஓடி வேலையை முடித்தது. இப்போது அந்தப் புதிய ஆலையும் கதிரியக்கம் ஏறிய கட்டடம். அதையும் சேர்த்தே இடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செல்லுக்குள் காற்றழுத்தம் வெளியைவிட எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் விரிசல் ஏதும் இருந்தாலும் காற்று உள்நோக்கிப் போகும், தூசி வெளியே வராது. அதற்கு விசிறிகள், வடிகட்டிகள், மின்சாரம், ராத்திரி ஷிப்ட் ஆள்கள் எல்லாம் வேண்டும். பூட்டிச் சாவியை எடுத்துப் போகிற வேலையே இதில் கிடையாது.

#5 · வடகடல் ரூபன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இப்ப கன வருசமா இங்கிலாந்தின்ர வடமேற்குப் பக்கம் இருக்கிறன். தூரத்தில இருந்து இயக்கிற இயந்திரக் கைகளோட வேலை, டீகமிஷனிங் தளங்களில, அதாவது அணு ஆலைகளை மூடிக் கலைக்கிற இடங்களில. எந்த இடம், எந்தக் கொம்பனி எண்டு எழுத மாட்டன்.

கரைப்பான் ஐயா சொன்னது தோர்ப் மாதிரிப் புது ஆலைக்குப் பொருந்தும். ஆனா அந்த 136 பில்லியனில பெரும் பாரம் தோர்ப் இல்லை. அது 1950கள், 60களில கட்டின பழைய குளங்களும், கழிவு கொட்டி வைக்கிற சைலோ எண்ட கான்கிரீட் தொட்டிகளும். குண்டுக்குப் புளூட்டோனியம் வேணும் எண்ட அவசரத்தில கட்டினவை. ஒரு நாள் இதை வெளியில எடுக்கவேணும் எண்டு கட்டினவை யோசிக்கேல்லை.

மேக்னாக்ஸ் எரிபொருள் எண்டது மக்னீசியக் கலவை உறைக்குள்ள இருக்கிற யுரேனிய உலோகம். அதைத் தண்ணிக்குள்ள கனகாலம் விட ஏலாது, அரிச்சுப் போகும். 1970களில ஆலை இடையில நிண்ட நேரம் எரிபொருள் குளத்தில தேங்கிப்போச்சு. உறை கரைஞ்சு அடியில சேறாப் படிஞ்சுது. தண்ணி கலங்கி உள்ளுக்குள்ள ஒண்டும் தெரியாத நிலை. அந்தச் சேறு மட்டும் 1,500 கன மீட்டர் அளவு. முதல் சேற்றை வெளியில எடுத்தது 2015இல.

உறையை உரிச்ச மக்னீசியச் சீவலைத் தண்ணி நிரப்பின சைலோவில கொட்டினவை. மொத்தம் 22 அறை. மக்னீசியம் தண்ணியோட சேர்ந்தா ஹைட்ரஜன் வரும், அதுக்கு எப்பவும் காற்றோட்டம் குடுத்துக்கொண்டே இருக்கவேணும். அதில இருந்து கழிவு எடுக்கத் தொடங்கினது 2022இல. அந்தச் சைலோவின்ர பழைய பகுதி நிலத்துக்குள்ள கசியுது, ஒரு நாளைக்கு 2,100 லிட்டர் அளவில. 2025இல பாராளுமன்றக் குழு அறிக்கையிலயே வந்த விசயம். கசிவை அடைக்க ஆள் கீழ போக ஏலாது. உள்ள இருக்கிறதை எடுத்து முடிச்சால்தான் அது நிக்கும்.

எனக்கு இதில பெரிய பாடம் எண்டு தெரியிறது பதிவேடுதான். 1960களில எந்த அறைக்குள்ள எதைக் கொட்டினவை எண்டு ஒழுங்கா எழுதி வைச்சிருந்தா இப்ப வேலை பாதி. உள்ள என்ன கிடக்கு எண்டு தெரியாமல் எந்தக் கருவியைச் செய்யிறது, எந்தப் பெட்டியில போடுறது? கமெராவை இறக்கி, சாம்பிள் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, பிறகு கருவி செய்து, அதை வெளியில ஒரு மாதிரித் தொட்டியில பழகி. இப்பிடித்தான் வருசங்கள் போகுது.

#6 · பேரேடு

நான் கணக்குத் துறை. பணம் யார் தருகிறார்கள் என்பதைப் பார்த்தேன். செல்லாஃபீல்டின் பொறுப்பு 2005 ஏப்ரல் 1இல் தொடங்கிய அணு டீகமிஷனிங் ஆணையத்திடம் இருக்கிறது. அதற்குப் பணம் வருவது பெருமளவு அரசாங்கக் கஜானாவிலிருந்து, அதாவது வரி கட்டுபவர்களிடமிருந்து. தோர்ப் ஓடியபோது ஜப்பான், ஜெர்மனி உட்பட ஒன்பது நாட்டு வாடிக்கையாளர்கள் கட்டணம் கட்டினார்கள். வரவு வந்த காலம் 24 ஆண்டு. செலவு போகிற காலம் அதைப்போல் நாலு மடங்கு. 1950களில் ஆலை கட்டியவர்கள் இதற்கென்று தனியே பணம் ஒதுக்கி வைக்கவில்லை.

அந்த 136 பில்லியனும் முடிந்த முடிவு கிடையாது. மதிப்பீடு ஒவ்வொரு முறை வரும்போதும் ஏறியிருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் போட்ட கணக்கு வேறு எப்படிப் போகும்?

#7 · கரைப்பான்

ரூபன் தம்பி பதிவேட்டைப் பற்றிச் சொன்னதால் தோர்ப்பில் 2005இல் நடந்ததை எழுதுகிறேன். பழைய ஆலைகள் மோசம், புதியவை பத்திரம் என்று இந்த இழை போய்விடக் கூடாது.

எரிபொருள் கரைந்த திரவம் எவ்வளவு வந்தது என்று எடை பார்க்கும் டாங்க் ஒன்று அங்கே உண்டு. எடை சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். டாங்க் ஆடாமல் பிடித்துக்கொள்ள முதல் வடிவமைப்பில் இருந்த தடுப்புகள் பின்னால் ஒரு மாற்றத்தில் விடுபட்டுப் போயின. டாங்கில் திரவத்தைக் கலக்கும்போதெல்லாம் அது லேசாக ஆடியது. அதோடு சேர்த்து வெல்ட் செய்த குழாய் ஆடி ஆடிப் பலம் குறைந்து, விரிசல் விட்டு, கடைசியில் அறுந்தது. 83,000 லிட்டர் கரைசல் செல்லின் தரையில் கொட்டியது. அதில் சுமார் 20 டன் யுரேனியம், 160 கிலோ புளூட்டோனியம்.

தரையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூசியது என்பதால் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை, யாருக்கும் காயம் இல்லை. வடிவமைத்தவர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. கசிவு 2004 நடுவிலேயே தொடங்கியிருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிந்தது. கண்டுபிடித்ததோ 2005 ஏப்ரலில். இடைப்பட்ட மாதங்களில் செல்லின் குழியிலிருந்து எடுத்த சாம்பிளில் யுரேனியம் தெரிந்தது; அதை யாரும் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. வரவு செலவுக் கணக்கு ஒத்துவரவில்லை என்ற பிறகுதான் கமெராவை உள்ளே விட்டார்கள். அணு விபத்துகளை மதிப்பிடும் சர்வதேச அளவுகோலில் 3ஆம் நிலை நிகழ்வு. 2006இல் நீதிமன்றம் 5 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது.

டீகமிஷனிங் பேசும் இழையில் இது எதற்கு? ஓடும் காலத்தில் செய்த ஒவ்வொரு சிறு மாற்றமும் வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு சாம்பிள் முடிவையும் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். மூட வருகிறவனுக்கு உள்ளே இருப்பதைக் காட்டும் கண் அந்தத் தாள்கள்தான். ஆலை நின்ற அடுத்த மாதமே அனுபவப்பட்ட ஆப்பரேட்டர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் தாளில் ஏறாத அறிவு அவர்களோடு போய்விடும். எந்த வால்வு மக்கர் செய்யும், எந்த லைனில் அடைப்பு வரும் என்று கைக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். போகோவை அவர்களை வைத்தே, உடனே செய்ய வேண்டும். பத்து வருடம் கழித்துப் புது ஆள்களை வைத்துச் செய்வது வேறு வேலை. பணமும் அதிகம், டோஸும், அதாவது ஆள்கள் உடம்பில் வாங்கும் கதிர்வீச்சும் அதிகம்.

#8 · கடலோரன்

என் கவலை கடல். செல்லாஃபீல்ட் கடற்கரையில் இருக்கிறது, எங்கள் ஊரும் கடற்கரை. கழிவு நீர் கடலில் விடப்பட்டதா?

#9 · வடகடல் ரூபன்

விட்டவை அண்ணை. குழாய் போட்டுத்தான் ஐரிஷ் கடலில விட்டவை, அனுமதியோட. சீசியம் ஆகக் கூடப் போனது 1970களின்ர நடுவில. அந்தப் பழைய குளத்துத் தண்ணிதான் முக்கிய காரணம். 1985இல அயன்-பரிமாற்றம் செய்து வடிகட்டிற ஆலை ஒண்டு வந்த பிறகு அது நல்லாக் குறைஞ்சுது.

பிறகு வேற பிரச்சினை. 1994இல பழைய கழிவைச் சுத்திகரிக்க ஒரு ஆலை தொடங்கினவை. அது புளூட்டோனியம் மாதிரியானவையைப் பிடிச்சுது, ஆனா டெக்னீசியம்-99 எண்ட கதிரியக்கப் பொருளைப் பிடிக்கேல்லை. அது கடலில கூடி, சிங்கி இறாலில ஏறிச்சுது. நோர்வே வரைக்கும் போய் அங்கத்தை ஆக்கள் சண்டை பிடிச்சவை. 2004இல ஒரு ரசாயனம் சேர்த்து அதையும் வண்டலாக்கிப் பிடிக்கத் தொடங்கினவை.

உங்கட ஊருக்கு ஒரு விசயம் முக்கியம். 1950களில இருந்து கனகாலம் ருதீனியம்-106 எண்ட கதிரியக்கப் பொருளைக் கடலில எவ்வளவு விடலாம் எண்டதை முடிவு செய்தது தெற்கு வேல்ஸில இருந்த கொஞ்சச் சனம். செல்லாஃபீல்ட் இருக்கிற கம்ப்ரியாக் கரையில எடுத்த பாசியை அங்க கொண்டுபோய் லேவர் பிரெட் எண்டு சமைச்சுச் சாப்பிட்டவை. ஆலைக்குப் பக்கத்தில இருக்கிறவனை விட, 300 கிலோமீட்டருக்கு மேல தள்ளி அதைச் சாப்பிட்ட ஆளுக்குத்தான் டோஸ் கூட. ஆர் என்ன சாப்பிடினம் எண்டு கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிச்சவை.

#10 · மருதன்

எல்லாம் சரி. ஆனால் செல்லாஃபீல்டை மட்டும் காட்டி மறுசெயலாக்கமே தவறு என்ற இடத்துக்கு இழையைக் கொண்டுபோவது எனக்கு ஒப்பவில்லை. பிரான்சின் லா ஹேக் இன்றும் ஓடுகிறது. ஆண்டுக்கு 1,700 டன் செய்யும் திறன் உள்ள ஆலைகள் அவை. அங்கே கழிவு முறையாகக் கண்ணாடியாகிறது.

இந்தியாவின் நிலைமையும் வேறு. நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் நிறைய. ஹோமி பாபா போட்ட மூன்று கட்டத் திட்டத்தில் இரண்டாம் கட்ட வேக ஈனுலைக்கு, அதாவது எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் உலைக்கு, எரிபொருளே புளூட்டோனியம்தான். மறுசெயலாக்கம் இல்லையென்றால் அந்தத் திட்டம் கிடையாது. 1964இல் டிராம்பேயில் ஹோமி சேத்னா தலைமையில் நம் ஆட்களே கட்டி ஓட்டினார்கள். பிறகு தாராப்பூர், கல்பாக்கம். எரிபொருளைப் பிரிக்காமல் அப்படியே புதைக்க நினைக்கும் நாட்டுக்கும் இறுதிச் சேமிப்பிடம் தேடுவது சிக்கலாகவே இருக்கிறது. பிரித்தால் புதைக்க வேண்டிய உயர்நிலைக் கழிவின் கன அளவாவது குறையும்.

#11 · நிறைமொழி

மருதன் அண்ணா, இங்கிலாந்தும் இதே காரணத்தைச் சொல்லித்தான் தோர்ப்பைக் கட்டியது. 1977இல் நூறு நாள் நடந்த பொது விசாரணையில் ஈனுலைகள் வரப்போகின்றன, அவற்றுக்குப் புளூட்டோனியம் வேண்டும் என்பது பெரிய வாதம். தோர்ப் தொடங்கிய அதே 1994இல் ஸ்காட்லாந்தின் டவுன்ரேயில் இருந்த அவர்களுடைய மாதிரி ஈனுலையை மூடிவிட்டார்கள். பிரித்த புளூட்டோனியத்துக்கு உலை இல்லை. அதை யுரேனியத்தோடு கலந்து கலப்பு எரிபொருளாக்க ஒரு ஆலை கட்டினார்கள். அது பத்தாண்டில் மொத்தமே 14 டன்னுக்கும் குறைவாகச் செய்துவிட்டு 2011இல் மூடப்பட்டது. இன்று 140 டன் அளவு புளூட்டோனியம் செல்லாஃபீல்டில் காவலோடு கிடக்கிறது. அதை எரிபொருளாக்காமல் திடப்படுத்திப் புதைப்பது என்று 2025 ஜனவரியில் முடிவு அறிவித்தார்கள். பொருள் என்று பிரித்தெடுத்தது கழிவாகத் திரும்பி வந்துவிட்டது.

அமெரிக்காவின் வெஸ்ட் வேலி இன்னும் வேதனை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் 1966இலிருந்து 1972 வரை ஆறே ஆண்டு ஓட்டியது. 640 டன் எரிபொருள். மாற்றங்கள் செய்கிறோம் என்று நிறுத்தியவர்கள் பிறகு திறக்கவே இல்லை, தொழிலை விட்டே விலகினார்கள். 6 லட்சம் கேலன் உயர்நிலைக் கழிவு அங்கேயே நின்றது. 1980இல் அதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1996இலிருந்து 2002க்குள் அதை 270க்கும் மேற்பட்ட கலங்களில் கண்ணாடியாக வார்த்தார்கள். முக்கியக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது 2022இல். ஆறு வருட ஓட்டத்துக்கு ஐம்பது வருடம்.

ஜப்பானின் டோகாய் ஆலை மொத்தம் 1,140 டன் செய்தது. அதைப் பிரிக்க 2018இல் ஒப்புதல் பெற்ற திட்டம் 70 ஆண்டு, ஏறக்குறைய 1 லட்சம் கோடி யென்.

#12 · மருதன்

நிறைமொழி சொல்லும் எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. இங்கிலாந்துக்கு ஈனுலை வரவில்லை என்பதால் இந்தியாவுக்கும் வராது என்று ஆகாது. கல்பாக்கத்தில் ஈனுலை எரிபொருளுக்கான செயல்விளக்க மறுசெயலாக்க ஆலையை 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அதற்கு முன்னால் 2003 முதலே கோரல் என்ற சிறிய ஆலையில், சோதனை ஈனுலையின் கார்பைடு எரிபொருளைக் கரைத்துப் பழகியிருக்கிறார்கள். சிறிதாகத் தொடங்கிக் கற்றுக்கொண்டு பெரிதாக்குவது பொறுப்பான வழி என்பது என் கருத்து. செலவு பெரிது என்றால் முன்கூட்டியே ஒதுக்கி வைப்போம். பாதையையே விடச் சொல்லாதீர்கள்.

#13 · கரைப்பான்

மறுசெயலாக்கம் வேண்டுமா என்ற வாதத்தை இருவரும் தனி இழையில் தொடருங்கள், அங்கும் வருகிறேன். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் கட்டிய ஆலைகள் இருக்கின்றன, அவற்றை ஒருநாள் மூடியாக வேண்டும். இந்த இழை அதற்கானது.

மருதன் டிராம்பேயைச் சொன்னார். அந்த ஆலையிலேயே நம் நாட்டின் முக்கியமான டீகமிஷனிங் அனுபவம் இருக்கிறது. சில ஆண்டுகள் ஓடியதும் கருவிகளும் குழாய்களும் அரிக்கத் தொடங்கின. 1970களில் நிறுத்தி, உள்ளே கழுவி, கதிர்வீச்சைக் குறைத்து, பழைய சாதனங்களை வெட்டி எடுத்து, செல்களைச் சீர்ப்படுத்தி, திறனையும் கூட்டி 1980களில் மறுபடி ஓட்டினார்கள். மனிதர் நுழைய முடியாத இடத்தை மனிதர் நுழையும்படி ஆக்கியது சாதாரண வேலை அல்ல. முதல் வடிவமைப்பில் அமில அரிப்புக்கு எங்கே இடம் கொடுத்துவிட்டோம் என்பதை அந்த வெட்டிய குழாய்கள் காட்டின. பின்னால் வந்த ஆலைகளில் அது உதவியது. இந்த அனுபவம் பொறியியல் மாணவர்களின் பாடத்தில் வர வேண்டும்.

கல்பாக்கத்தின் 2003 ஜனவரி 21 விபத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். மறுசெயலாக்க ஆலையின் கழிவு டாங்குகள் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, உயர்நிலைக் கழிவு குறைநிலைக் கழிவு டாங்குக்குள் போய்விட்டது. அது தெரியாமல் சாம்பிள் எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் அனுமதித்த அளவைவிட மிக அதிக டோஸ் வாங்கினார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டி அலறும் கருவி இருந்திருந்தால் அவர்கள் உள்ளே போயிருக்க மாட்டார்கள். செய்தி பொதுமக்களுக்கு வந்ததே மாதங்கள் கழித்துத்தான். அந்தத் தாமதம் எனக்கு அன்றும் வலித்தது, இன்றும் வலிக்கிறது. மூடும் காலத்தில் இந்த ஆபத்து பெருகும். ஓடும் ஆலையில் எந்தக் குழாயில் எது ஓடுகிறது என்பது தினமும் ஒரே மாதிரி. கழுவும்போது, வெட்டும்போது, டாங்க் மாற்றும்போது ஒவ்வொரு நாளும் புது ஏற்பாடு. வால்வை நம்பாமல் கருவியை நம்பும் பழக்கம் அப்போது இரட்டிப்பாக வேண்டும்.

#14 · கடலோரன்

மிகவும் நன்றி ஐயா. எங்கள் பகுதியில் ஏதாவது விரிவாக்கம் வரும்போது கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். மீனவர்கள் போவோம், வேலைவாய்ப்பு, வலை சேதம், படகு போகும் எல்லை பற்றிப் பேசுவோம். ஆலையை மூடுவது பற்றி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பதென்றால் என்ன கேட்கலாம்? எழுத்தில் கொடுக்க விரும்புகிறேன்.

#15 · பேரேடு

மூடும் செலவுக்கான பணம் எந்தக் கணக்கில், எந்த விதியின் கீழ் சேர்கிறது என்று கேளுங்கள். மின் உலைகளுக்கு மின்கட்டணத்தோடு சேர்த்து யூனிட்டுக்கு 2 பைசா டீகமிஷனிங் நிதி வசூலாகிறது. மறுசெயலாக்க ஆலை மின்சாரம் விற்பதில்லை. அதற்குப் பணம் வரும் வழியைத் தனியாகக் கேட்க வேண்டும். வருடாந்திர பட்ஜெட்டில் பார்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தால், நூறு வருடத்துக்கு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அது கிடைக்கும் என்பதற்கு உறுதி என்ன என்று அடுத்துக் கேளுங்கள்.

#16 · வடகடல் ரூபன்

உங்கட ஆக்கள் என்ன மீன், என்ன நண்டு, எவ்வளவு சாப்பிடினம் எண்ட கணக்கு எடுத்திருக்கினமோ, கடைசியா எப்ப எடுத்தவை எண்டு கேளுங்கோ. உங்கட கரையில பிடிக்கிறது எந்தச் சந்தைக்குப் போகுது எண்டதையும் நீங்களே எழுதிக் குடுங்கோ. அது அவையளை விட உங்களுக்குத்தான் தெரியும். வேல்ஸ்காரரின்ர கதையை மறக்காதேங்கோ.

#17 · கரைப்பான்

நான் கேட்கச் சொல்வது மூடும் திட்டத்தை. ஆலை ஓடும்போதே ஆரம்ப நிலை மூடும் திட்டம் எழுதி ஒழுங்குமுறை வாரியத்திடம் கொடுத்திருக்க வேண்டும். அது இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், பாதுகாப்பு ரகசியம் நீங்கலாக மிச்சத்தைத் தமிழில் ஒரு சுருக்கமாகத் தர முடியுமா என்று கேளுங்கள். ஆலை நின்றால் கழிவுத் திரவம் எத்தனை ஆண்டு திரவமாகவே டாங்கில் நிற்கும், எந்த ஆண்டுக்குள் கண்ணாடியாகும் என்றும் கேளுங்கள். ஊருக்கு உண்மையான ஆபத்து திரவம். கண்ணாடியான பிறகு கவலை பல மடங்கு குறையும். ஆகவே அந்தக் கேள்வியை முதலில் வையுங்கள். வார்த்தைகளைக் கோபமில்லாமல் எழுதினால் உள்ளே இருக்கும் நல்ல பொறியாளர்கள் பதில் சொல்ல முன்வருவார்கள். அவர்களில் பலருக்கும் இதே கவலை உண்டு.

#18 · நிறைமொழி

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். தோர்ப் கட்டடத்தை இப்போது என்ன செய்கிறார்கள்? இடிக்கிறார்களா?

#19 · கரைப்பான்

இல்லை அம்மா. வெட்டும் பகுதியிலும் கரைக்கும் பகுதியிலும் உள்சுத்தம் செய்கிறார்கள். குளத்தை மட்டும் விடவில்லை. இங்கிலாந்தின் வாயுக் குளிர்விப்பு உலைகளிலிருந்து வரும் எரிபொருளை இனி மறுசெயலாக்கம் செய்யப் போவதில்லை. அது தோர்ப்பின் குளத்தில் சேர்கிறது. அந்த எரிபொருளின் எஃகு உறை அரிக்காமல் இருக்கத் தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து காரமாக வைத்திருக்கிறார்கள். ஆழ்நிலப் புதைப்பிடம் தயாராகும் வரை அது அங்கேயே இருக்கும். அதுவரை அந்தக் குளத்துக்குத் தண்ணீர், காவல், ஷிப்ட் எல்லாம் உண்டு.

#20 · கடலோரன்

மனுவை எழுதிவிட்டேன். திரவம் எந்த ஆண்டுக்குள் கண்ணாடியாகும் என்பது முதல் கேள்வி, மூடும் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் இரண்டாவது, பணம் மூன்றாவது, சாப்பாட்டுக் கணக்கு நான்காவது. எங்கள் கரையிலிருந்து எந்த மீன் எந்தச் சந்தைக்குப் போகிறது என்ற பட்டியலை ஊர்ப் பெண்கள் சொல்லச் சொல்ல எழுதி, மனுவோடு இணைக்கிறேன். கூடைக்காரப் பெண்களுக்குத்தான் அது முழுதாகத் தெரியும். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.